மரணச் சீட்டுக்குச் சீந்தில் கொடி

“விரல்ல என்னம்மா மை?”

“பேனா கசியுதுக்கா. மூடி இல்லை.”

“மூடி எங்கே?”

“ஒரு இடத்துல விட்டுட்டு வந்திருக்கேன். திரும்பக் கிடைச்சிடும்.”

பியூலா அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆள்காட்டி விரலிலிருந்த நீல மையைக் கைக்குட்டையில் துடைத்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் சுவரில் இரண்டே சட்டங்கள். ஒன்றில் தபீதாளின் கணவர் ஜெபராஜின் படம். இன்னொன்றில் தபீதாள் கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய நர்ஸிங் சான்றிதழ். பியூலாவின் பார்வை அந்தச் சான்றிதழில் கொஞ்ச நேரம் நின்றது.

“என்ன விஷயம்? தயங்காம சொல்லு பியூலா.”

“எங்க வீட்டுல ஒருத்தர் ஒண்ணை மறைக்கிறாங்கக்கா. கேட்டா அவங்களுக்கு அவமானம். கேக்காம இருந்தா எனக்குப் பாவம். அதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு...”

“கேளு.”

ஜன்னலுக்கு வெளியே பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயில் கிளம்பியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பியூலாவின் தைரியமும் அடங்கிவிட்டது. எழுந்துகொண்டாள்.

“ட்யூஷன் பிள்ளைங்க வந்திருப்பாங்க. இன்னொரு நாள் கேக்கிறேன்.”

அந்த இன்னொரு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டுச் சமையலறையில் பியூலா இறந்துபோனாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வழக்கமாகக் குடிக்கும் மூலிகைப் பொடியைப் பாலில் கலந்து குடித்திருக்கிறாள். பொடியில் அரளி விதை அரைத்துக் கலந்திருந்தது. பொட்டலத்தோடு நூலால் கட்டப்பட்டு ஒரு படச்சீட்டு. வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு ஒன்று கொடி பிடித்துப் போகிற படம்.

நான்கு வருஷமாக இந்த அலுவலகத்தில் உட்கார்ந்து நாற்பது மனைவிமார்களின் கதையைக் கேட்டிருக்கிறாள் தபீதாள். ‘எங்க வீட்டுல ஒருத்தர்’ என்று ஆரம்பித்தால் அது புருஷன்தான். பியூலாவையும் அந்த நாற்பதோடு நாற்பத்தொன்றாகச் சேர்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். ‘ட்யூஷன் கெடக்கட்டும், சொல்லு’ என்றிருக்கலாம்.

“அக்கா, எறங்குங்க. போலீஸ் ஸ்டேஷன் வந்துச்சு. நீங்க வேற எங்கியோ போய்க்கினு கீறீங்க,” என்றான் குப்புராஜ்.

லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்து தபீதாள் இறங்கினாள். ஸ்கூட்டர் ஜெபராஜுடையது. குப்புராஜும் ஒரு வகையில் ஜெபராஜுடையவன்தான். அவர் இறந்த பிறகும் வேலையை விடவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ‘ஜெபராஜ் துப்பறியும் நிலையம்’ என்ற பலகையை மாற்றவும் விடவில்லை. படியேறி வருகிறவர்கள் “சார் இல்லையா?” என்று கேட்டால், “சார் மேல கீறாரு. அவசரம்னா போய்ப் பாக்கலாம், ஆனா திரும்பி வர பஸ் கெடையாது” என்பான்.

பியூலா இறந்து பன்னிரண்டாம் நாள். மணி பத்தரை. தூறல் விட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கம் நாற்காலியைக் காட்டினார். ஜெபராஜின் மேல் அவருக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையில் கால்வாசியைத் தபீதாளுக்கும் கொடுப்பார்.

“நேத்து சாயங்காலம் கெமிக்கல் ரிப்போர்ட் வந்தது. உடனே சேலையூர் செல்லம்மாவைப் பிடிச்சிட்டோம். ரெண்டு மணிக்கு வேன். செங்கல்பட்டு கோர்ட். அதுக்கப்புறம் ஜெயில். இதுல துப்பறிய என்னம்மா இருக்கு? சீட்டு எடுக்கச் சொல்லுவா. என்ன சீட்டு வருதோ அதுக்கு ஏத்த மூலிகை தருவா. ஊரெல்லாம் அவளே சொல்லிக்கிற விஷயம். எமன் சீட்டு, அரளி விதை. பொருத்தம் சரியா இருக்கு.”

“அவ ஏன் கொல்லணும்?”

“கொல்லணும்னு இல்லை. பைத்தியக்கார வைத்தியம். பொட்டலம் மாறியிருக்கலாம். எப்படியும் ஒரு உசிரு போயிடுச்சே.”

“அஞ்சு நிமிஷம் அவகூடப் பேசலாமா?”

“பேசுங்க. உங்களுக்கும் ஒரு சீட்டு எடுத்துத் தரப்போறா,” என்று சிரித்தார்.

கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள் செல்லம்மா. அறுபது வயதிருக்கும். அப்பா வண்டலூர் காட்டில் பச்சிலை பறித்து விற்றவர். இவள் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் ஆயாவாக இருந்தவள். அந்த அம்மாள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது இருபத்திரண்டு படச்சீட்டுகளை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் எழுதியிருந்த இங்கிலீஷ் இவளுக்குப் புரியவில்லை. படம் புரிந்தது. அப்பா சொல்லிக்கொடுத்த பச்சிலை தெரியும். இரண்டையும் தன் புத்திக்கு எட்டியபடி முடிச்சுப் போட்டாள்.

“செல்லம்மா, நான் தபீதாள். செத்துப்போன பொண்ணு எனக்குத் தெரிஞ்சவ. எமன் சீட்டுக்கு நீ என்ன தருவே?”

“சீந்திலு.”

“சீந்தில் கொடியா?”

“ஆமாம்மா. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஞாயம் கீது. தலைகீழா தொங்குற ஆளு படம் வந்தா கீழாநெல்லி. அதோட காயெல்லாம் எலைக்கு அடியில அப்படித்தான் தொங்கும். இடி வுழுந்து ஒடியிற கோபுரம் வந்தா பெரண்டை. ஒடிஞ்ச எலும்பை ஒட்டவெக்கும். மூட்டையத் தூக்கிக்கினு ஊரு சுத்துறானே ஒரு கிறுக்கன், அவனுக்கு நாயுருவி. போறவன் வேட்டியில ஒட்டிக்கினு அதுவும் ஊரு சுத்தும்.”

“என் ஜாதகத்தை யாரு ஒன்கிட்ட சொன்னது?” என்றான் குப்புராஜ்.

செல்லம்மா அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “சாவு படத்துக்குச் சீந்திலு. வெட்டி வேலியில மாட்டி வையி. மண்ணு வாணாம், தண்ணி வாணாம். செத்துப்போச்சுன்னு நெனப்பே. பத்து நாள் பொறுத்துப் பாரு, பச்சையா துளுத்திருக்கும். அந்தப் படம் வந்து பயந்துடறவங்களுக்கு அதைத்தான் கையில குடுத்துச் சொல்லுவேன். அரளியா குடுப்பேன்? எமன் சீட்டை எடுத்தவனுக்கு எமனையே மருந்தாக் குடுக்கிறவ எதுக்கு வைத்தியம் பாக்கணும்?”

தபீதாள் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பிரித்திருந்தார்.

“பியூலாவுக்கு நீ என்ன சீட்டு கொடுத்தே?”

“மூஞ்சி தெரியாதும்மா. வர்றவங்கள்ல பாதிப் பேரு ஜெபக்காரங்க. இங்க வந்தது தெரிஞ்சா அவங்களுக்குப் பேஜாரு. அதனால நடுவுல பொடவையக் கட்டித் தொங்க வுட்டிருப்பேன். கையை மட்டும் நீட்டுவாங்க. பேரு கேக்கமாட்டேன். இன்னா கொறைன்னும் கேக்கமாட்டேன். சீட்டை நெஞ்சோட வெச்சிக்கினு மனசுக்குள்ள கேட்டுக்கணும். வாயால சொல்லக் கூடாது. போலீஸ்ல போட்டோ காட்டித் தெரியுமான்னாங்க. கையைக் காட்டுங்க, தெரியும்னேன். பொதைச்சாச்சுன்னாங்க.”

குப்புராஜ் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“எமன் சீட்டு யார்கிட்ட போச்சுன்னு கண்டுபிடிக்க வழியே இல்லையா?”

“கீதே. என்கிட்ட ஒரே கட்டுத்தான். ஒருத்தர் எடுத்துக்கினு போன சீட்டு, மருந்து தீர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் இன்னொருத்தருக்குக் கெடையாது. அதனால கையில காதுல கெடக்கிறது ஒண்ணைக் கழட்டி அந்த ஆணியில மாட்டிட்டுப் போவணும். சீட்டு வந்தா அடையாளம் திரும்பப் போவும். போய்ப் பாருங்க. சொவத்துல அப்படியே கீது.”

“போலீஸ்ல சொன்னியா?”

“சொன்னேன். காப்பி வாங்கிக் குடுத்தாங்க.”

சேலையூர் ஏரிக்கரையில் செல்லம்மாவின் வீடு ஒற்றை அறைதான். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். நடுவில் பழைய புடவை ஒன்று திரையாகத் தொங்கியது. அதற்குப் பின்னால் சுவரில் வரிசையாக இருபத்திரண்டு ஆணிகள். எழுதத் தெரியாதவள் என்பதால் ஒவ்வோர் ஆணியிலும் அந்தந்த மூலிகையையே ஒரு கொத்து கட்டித் தொங்க விட்டிருந்தாள். காய்ந்த ஆவாரம்பூ, நொச்சி, தூதுவளை.

ஆறு ஆணிகளில் மட்டும் மூலிகைக்கு மேல் இன்னொன்றும் தொங்கியது. தபீதாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கண்ணாடி வளையல். ஒரு மெட்டி. ஒரு மூக்குத்தி. ஒற்றை ஜிமிக்கி.

ஐந்தாவது ஆணியில் நின்றாள். விரல் விரலாகக் காய்ந்த தண்ணீர்விட்டான் கிழங்கு. அதன் நூலில் ஒரு பச்சைப் பேனா மூடி குத்தியிருந்தது.

கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டிருந்தார். தபீதாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பியூலாவோடது. அவ எடுத்தது எமன் சீட்டே இல்லை குப்புராஜ். இந்தக் கிழங்கு பிள்ளை இல்லாதவங்களுக்குக் கொடுக்கிறது.”

“இதுக்கு இன்னா படமா இருக்கும்?”

“அம்மாவா யாராவது இருக்கும்.”

“மகாராணி,” என்றார் கான்ஸ்டபிள். “கிரீடம் வெச்சிக்கிட்டு மெத்தையில உக்காந்திருப்பா.” இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எங்க வீட்டுல ஒரு தடவை எடுத்துட்டு வந்தாங்க.”

கடைசியில் சீந்தில் கொடி தொங்கிய ஆணி. அதில் ஒரு ரிப்பன். கருஞ்சிவப்புப் பட்டு. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

“சடைக்குக் கட்டுறது,” என்றான் குப்புராஜ்.

“இவ்வளவு மெல்லிசா இருக்கிறதைக் கட்டினா சடை சிரிக்கும். ஒரு முனை பிரிஞ்சிருக்கு, இன்னொரு முனை கத்தரியால வெட்டியிருக்கு. ஓரத்துல பார், பொன் மாதிரித் துகள் ஒட்டியிருக்கு. இது பைபிளுக்குள்ள கிடந்த ரிப்பன். பக்க ஓரமெல்லாம் பொன் பூசியிருக்குமே, அந்த மாதிரி பைபிள்.”

“அதை எதுக்கு அடையாளமா வெக்கணும்? வளையலைக் கழட்டி மாட்டுறது?”

“போட்டிருந்தாத்தானே கழட்டுறதுக்கு? மத்த நாலு ஆணியிலும் நகை. இந்த ரெண்டுல மட்டும் பேனா மூடியும் ரிப்பனும். பியூலா போற சபையில பொம்பளைங்க நகை போடமாட்டாங்க. காதுல துளைகூடக் கிடையாது.”

குப்புராஜ் மெதுவாக விசிலடித்தான். “அப்போ ரெண்டும் ஒரே சபை.”

“ஒரே வீடா இருந்தா?”

“அந்த வூட்டுல இன்னொரு பொம்பளைன்னா...”

“பியூலாவோட நாத்தனார். ரத்தினபாய். கல்யாணம் பண்ணிக்காம தம்பியை வளர்த்தவங்க.”

“முடிஞ்சுதுக்கா கேஸு. தம்பியை வளத்தது ஒரு கை, தம்பி பொண்டாட்டிக்கு அரளி அரைச்சது இன்னொரு கை. ரிப்பனை எடுத்துக்கலாமா?”

“தொடாதே. ஆணியில இருக்கிற வரைக்கும்தான் அது சாட்சி.”

வேளச்சேரி ரோட்டில் ஸ்கூட்டர் ராஜகீழ்ப்பாக்கத்தை நோக்கிப் போனது. தபீதாள் நினைத்துப் பார்த்தாள். ரத்தினபாயைச் சபைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறாள். வெள்ளைப் புடவை, இறுகின வாய். பியூலாவுக்குக் குழந்தையில்லை என்பதை ஜெபக் குறிப்பாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி ஜெபிப்பவள். பியூலா அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் ரத்தினபாய் பக்கமே விரலை நீட்டியது. ஆனால் எங்கேயோ ஒரு நூல் இடறிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று ராஜகீழ்ப்பாக்கம் வரும் வரை தபீதாளுக்குப் பிடிபடவில்லை.

பனைமரங்களைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த வீடு. வாசல் நிலைக்கு மேல் பைபிள் வசனப் பலகை. பியூலாவின் கணவன் ஜெபசீலன் வீட்டில்தான் இருந்தான். முப்பத்தைந்து வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சட்டைப் பையில் துக்கத்துக்கான கறுப்புத் துணி குத்தியிருந்தது.

“வாங்க சிஸ்டர். அக்கா உள்ளே படுத்திருக்காங்க. பியூலா போனதிலேர்ந்து எழுந்துக்கவே இல்லை. உக்காருங்க.”

கூடத்தில் கல்யாண போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. மாலை புதுசு.

“அந்தப் பொம்பளையைத்தான் அரெஸ்ட் பண்ணிட்டாங்களே. இன்னும் என்கொயரி இருக்கா?”

“ஒரு சின்ன சந்தேகம்தான். எமன் சீட்டுக்கு அவ என்ன மூலிகை தருவான்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஜெபசீலன் வருத்தமாகச் சிரித்தான். “எலும்புக்கூடு படம் சிஸ்டர். அதுக்கு வேற என்ன தருவா? பாய்சன்தான். நேச்சுரல்.”

“நேச்சுரல்தான்,” என்றான் குப்புராஜ். “சார், வாசல்ல நிக்கிற ஸ்கூட்டரு உங்க கம்பெனிக்காரங்க கண்ணுல பட்டா கார்புரேட்டரப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு ரொம்ப நாளா ஆசை. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா? மழை பேஞ்சா இருமுது.”

“நான் மெஷின் ஷாப். ஸ்கூட்டர் எனக்கு...”

“இருமல் எல்லாருக்கும் பொதுதான் சார். வாங்க.”

தபீதாள் உள் அறைக்குள் போனாள்.

ரத்தினபாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியபோது தபீதாளுக்குள் இருந்த பழைய நர்ஸ் விழித்துக்கொண்டாள். மஞ்சளாகிப்போன கண்கள். உள்வாங்கிய கன்னம். போர்வைக்குள் வயிற்றைப் பிடித்தபடியே இருந்த கை. இது பன்னிரண்டு நாள் துக்கத்தில் வருகிற உடம்பு இல்லை. மாதக்கணக்காக உள்ளே எதுவோ தின்றுகொண்டிருக்கிறது.

தலைமாட்டில் பைபிள். பக்க ஓரங்களில் பொன் பூச்சு. முதுகுப் பக்கம் ரிப்பன் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலச் சிவப்பு நூல் மட்டும்.

தபீதாள் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டாள். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள்.

கம்பியில் ஒரு முழ நீளக் கொடி செருகியிருந்தது. தோல் உரிந்து, காகிதம் மாதிரி தொங்கியது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் அதன் கணுவில், இதய வடிவில், நகத்தளவு இரண்டு இலைகள் பச்சையாக விரிந்திருந்தன.

“ஜன்னல்ல என்னக்கா கொடி?”

ரத்தினபாய் கண்ணை மூடிக்கொண்டாள். “காயட்டும்னு போட்டது.”

“காயலையே.”

“ஆமா. காயவே மாட்டேங்குது.”

வழியெல்லாம் இடறிய நூல் இப்போது தபீதாளின் கையில் வந்தது. எமன் சீட்டை வாங்கி வந்தவர் கையில் செல்லம்மா சீந்திலைக் கொடுத்திருக்கிறாள், செத்தது துளிர்க்கும் என்று கதையும் சொல்லியிருக்கிறாள். அந்த அறையில் கை நீட்டிய யாரும் எமன் சீட்டோடு அரளியைக் கட்டி வைக்க மாட்டார்கள். கட்டியவர்களுக்கு அந்தத் திரை எந்த நிறம் என்றே தெரியாது. படத்தைப் பார்த்தார்கள், எலும்புக்கூடு என்றால் விஷம் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் முடிவு செய்த மாதிரி.

கூடத்தில் இருப்பவன் ‘நேச்சுரல்’ என்று சொன்ன மாதிரி.

இந்த வீட்டில் பியூலாவைக் கொன்றிருக்கவே முடியாத ஆள் ஒருவர்தான். ரிப்பனைக் கத்தரித்துக் கொடுத்தவர்.

“அக்கா,” என்றாள் தபீதாள் குரலைத் தாழ்த்தி. “ரிப்பனைப் பார்த்துட்டு வரேன். எமன் சீட்டு உங்களுடையது. உங்க பைபிள்ல இருந்தது. அதை யார் எடுத்தாங்க?”

ரத்தினபாய் கையை நீட்டிப் பைபிளின் மேல் வைத்தாள். வெளியே குப்புராஜின் குரல் கேட்டது. “இந்த ஸ்க்ரூவைத் திருப்பினா இருமல் நிக்குமா சார், இல்ல ஸ்கூட்டரே நின்னுடுமா?”

“ஒரு பொம்பளை ரெண்டு மணிக்கு ஜெயிலுக்குப் போகப்போறா. உங்களுக்குச் சீந்தில் கொடுத்தவ.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சும்மா இருக்கீங்களா?”

ரத்தினபாய் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. பைபிளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்கம்மா இவனைப் பெத்துட்டுச் செத்துப்போனாங்க. எனக்கு அப்போ பதினாறு வயசு. ஆட்டுப்பால் கரைச்சுப் பஞ்சுல தொட்டுத் தொட்டுக் கொடுப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இவனுக்குப் பிள்ளை வேணும்னு பியூலா காதுபட ஆறு வருஷமா ஜெபம் பண்ணினது நான்தான். அவ கேக்கணும்னுதான் பண்ணினேன். இவன் காதுலயும் அதையே ஓதினேன். சபையில விவாகரத்து கிடையாது தபீதா. ஆனா பொஞ்சாதி செத்தவனுக்கு ரெண்டாங் கல்யாணம் உண்டு. போன மாசம் இவன் பொட்டிக்குள்ள ஒரு பொண்ணோட போட்டோ இருந்தது. நான் பாத்துட்டு மூடி வச்சுட்டேன்.”

“அன்னைக்கு என்ன நடந்தது?”

“காலையில இவன் வேலைக்குப் போன பிறகு ஜெபத்துக்குப் பைபிளைத் திறந்தேன். சீட்டைக் காணோம். பியூலா பாத்துட்டாளோன்னு பயந்தேன். மத்தியானம் வெந்நீர் அடுப்புல சாம்பல் அள்ளினேன். ஈர விறகு. இது பாதிதான் எரிஞ்சிருந்தது.”

பைபிளின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். கருகின அட்டை. கீழ்ப்பாதி இல்லை. மேல்பாதியில் நட்சத்திரக் கிரீடம் வைத்த ஒரு பெண், மெத்தையில் சாய்ந்தபடி.

“என்னன்னு புரியலை. பியூலாவும் அந்த அம்மாகிட்டப் போறான்னே எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம போயிருக்கோம். சாயங்காலம் அவ விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். பொட்டலத்துல என்னோட சீட்டு கட்டியிருந்தது. அப்பப் புரிஞ்சது. எரிஞ்சது அவளுடையது. கட்டினது என்னுடையது. ரெண்டையும் தொட்ட கை இந்த வீட்டுல இன்னும் ஒண்ணுதான் இருக்கு.”

தபீதாள் அட்டையை வாங்கவில்லை. முழுவதும் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

“பியூலா உங்க சீட்டைப் பார்க்கவே இல்லையா?”

“பாத்திருக்கா. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே. அவ போன பிறகு என் தலகாணி உறையை மாத்தினேன். உள்ளே எனக்கு ஒரு துண்டுக் காகிதம். தேதி போட்டு, ‘உங்க பைபிள்ல சீட்டைப் பாத்தேன்’னு ஆரம்பிச்சிருந்தா. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எந்த டாக்டர்னு எழுதி வச்சிருந்தா. கீழே, ‘தபீதாள் அக்கா நர்ஸா இருந்தவங்க, கூட வருவாங்களான்னு கேட்டுட்டு வரேன்’னு எழுதியிருந்தா. பாதி எழுத்துல மை பரவியிருந்தது.”

தபீதாளின் கண்முன் பியூலாவின் மை படிந்த விரல் வந்தது.

எங்க வீட்டுல ஒருத்தர் ஒண்ணை மறைக்கிறாங்க. பியூலா புருஷனைச் சொல்லவில்லை. ஆறு வருஷம் எல்லார் முன்னாலும் தன்னைத் தலைகுனிய வைத்தவளைச் சொல்லியிருக்கிறாள். அவள் துப்பறிகிறவளைத் தேடி வரவில்லை. சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்துவிட்டு, நர்ஸைத் தேடி வந்திருக்கிறாள். தனக்கு ஆபத்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

“நான் அவளைக் கேக்கவிடலை,” என்றாள் தபீதாள்.

“நானும்தான்.”

கூடத்திலிருந்து ஜெபசீலனின் குரல் வந்தது. “அக்கா, சிஸ்டருக்குக் காப்பி ஏதாவது வேணுமா கேளு. நான் போட்டு எடுத்துட்டு வரேன்.”

ரத்தினபாயின் முகம் அந்தக் குரலுக்கு வழக்கம்போல் இளகியது. இளகியதைத் தானே உணர்ந்தவள்போல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வேண்டாம்ப்பா,” என்று சொன்னாள். பிறகு கருகிய அட்டையைத் தபீதாளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். “மணி என்ன?”

“பன்னிரண்டரை.”

“இது போனா அந்த அம்மாவை விட்டுடுவாங்களா?”

“நீங்க என்கிட்டச் சொன்னதை இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொன்னா விட்டுடுவாங்க.”

“வரச் சொல்லு. சொல்றேன்.”

தபீதாள் எழுந்து ஜன்னலருகே போனாள். வாசலில் குப்புராஜ் ஸ்கூட்டரைக் குனிந்து பார்ப்பதுபோல் நின்றிருந்தான். அவள் தலையசைத்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உதைத்துக் கிளப்பினான். இருமவே இருமாத ஸ்கூட்டர் தாம்பரம் பக்கம் பறந்தது.

“ஏன்க்கா பன்னிரண்டு நாள் சொல்லாம இருந்தீங்க?” என்றாள் தபீதாள் திரும்பி நின்று. “தம்பி மேல இருக்கிற பாசமா?”

“அது மட்டும் இல்லை. செல்லம்மா சொல்லியிருந்தா. நெஞ்சோட சீட்டை வச்சு மனசுல கேக்கிறதை மருந்து தீர்ற வரைக்கும் வாயால சொல்லக் கூடாதுன்னு. எனக்குப் பிழைக்கணும்னு ஆசை இல்லை தபீதா. எலும்புக்கூட்டைப் பார்த்ததும் பயமும் வரலை. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். இவனைப் பிடிச்சுக் கொடுத்தா அது நடக்காதுன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். கொடியையும் ஜன்னல் கம்பியில செருகிக் காயவிட்டேன். மருந்தைக் குடிக்காம இருந்தா சீக்கிரம் போயிடலாம். இவன் இங்கே இருக்கும்போதே போயிடலாம்.”

வசனப் பலகைக்குக் கீழே ஜெபசீலன் நிற்பதும், ஸ்கூட்டர் போன திசையை அவன் பார்ப்பதும் ஜன்னல் வழியே தெரிந்தது. ரத்தினபாயும் பார்த்தாள். அவள் கை, ஒன்றுமில்லாத நெஞ்சில், அங்கே இன்னும் ஒரு சீட்டு இருக்கிற மாதிரி படிந்துகொண்டது.

“இன்ஸ்பெக்டர் உன் பேச்சைக் கேப்பாரா?”

“முயற்சி பண்றேன். என்னக்கா வேணும்?”

“இவனை எங்கே வச்சிருந்தாலும் சரி. நான் செத்த அன்னைக்கு ஒரு மணி நேரம் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு. கையில விலங்கோட வந்தாலும் பரவாயில்லை. என் பொட்டி மேல மூணு பிடி மண்ணு அவன் கையால விழணும்.”